தற்புகழ்ச்சியும் தகுதியும்: மருத்துவக் கல்லூரி நேர்முகப் பரீட்சையின் வரலாறு

"நீர் இதுவரை ஆற்றியவற்றுள் மிகப் பெரிய சாதனையென எதனைக் கருதுகின்றீர்?" பிரித்தானியா, கனடா, ஐக்கிய அமெரிக்கா முதலிய நாடுகளில் மருத்துவக் கல்லூரியின் வாயிலில் நிற்கும் இளைஞர் எதிர்கொள்ளும் வினாக்களுள் இதுவும் ஒன்று. வினவுவோர் இருவரோ மூவரோ; விடையிறுப்பதற்குக் கிடைப்பது சில நிமிடங்களே. உயிரியலிலும் இரசாயனத்திலும் அவர் பெற்ற புள்ளிகள் ஏற்கெனவே மேசைமேல் உள்ளன. அவற்றைத் திருப்பிக் கூறுதல் விடையாகாது என்பதை அறையினுள் இருக்கும் அனைவரும் அறிவர்.

இவ்வினாவுக்கு விடை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்கு இன்று ஒரு வாய்பாடே வகுக்கப்பட்டுள்ளது. நிலைமை யாது, ஏற்றுக்கொண்ட பணி யாது, செய்த செயல் யாது, விளைந்த பயன் யாது என நான்கு படிகளில் கூறி, ஈற்றில் அதனாற் கற்றுக்கொண்டதைச் சேர்த்தல் வேண்டும் என்பர். சாதனையின் பருமனைப் பரீட்சகர் அளப்பதில்லை. அதனைச் செய்த முறையையும், பிறரோடு பகிர்ந்த பொறுப்பையும், இடர்ப்பட்டபோது நடந்துகொண்ட விதத்தையுமே நோக்குவர் என்பது பயிற்றுவோர் கூற்று. ஆகவே, உயர்ந்த மலையொன்றில் ஏறிவந்த மாணவனைக் காட்டிலும், நோயுற்ற பாட்டியை இரண்டாண்டு வீட்டில் வைத்துப் பராமரித்த மாணவி சிறந்த விடை கூறுதல் கூடும். கூடும் என்பதுதான். அவள் அதனை ஒரு சாதனையென்று எண்ணியிருத்தல் வேண்டும். எண்ணியதை அந்நியர் மூவர் முன்னிலையில் சொல்லக் கற்றிருத்தலும் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது வெறுங் கடமையாகவே கருதப்படும்.

மருத்துவனாவதற்கு விரும்பும் ஒருவனிடம் இத்தகைய வினாவைக் கேட்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? மருத்துவ நூல்களிலிருந்து வரவில்லை என்பது உறுதி. சுசுருத சங்கிதை மாணாக்கனுக்குரிய இலக்கணம் கூறுமிடத்துக் குலம், வயது, ஒழுக்கம், தூய்மை, நினைவாற்றல் என்பவற்றோடு மெல்லிய உதடு, மெல்லிய நா, நேரிய மூக்கு ஆகியவற்றையும் எண்ணுகின்றது. சரக சங்கிதையும் ஏறத்தாழ இவ்வாறே கூறும். ஆசிரியன் மாணாக்கனைக் கண்ணாற் கண்டு தேர்ந்தான்; அவனுடைய வாயாற் கேட்டுத் தேர்ந்தான் அல்லன். மேனாட்டிலும் நெடுங்காலம் தந்தையின் பணப்பையே தேர்வாக இருந்தது. 1910இல் ஏபிரகாம் பிளெக்ஸ்னர் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இயங்கிய 155 மருத்துவக் கல்லூரிகளைப் பார்வையிட்டு எழுதிய அறிக்கை, கட்டணம் செலுத்தக்கூடியவர் எவரையும் சேர்த்துக்கொண்ட கல்லூரிகள் பலவற்றை அம்பலப்படுத்திற்று.

பணம் மட்டும் போதாத விண்ணப்பதாரரும் இருந்தனர். எலிசபெத் பிளக்வெல் அம்மையார் 1847இல் நியூயோர்க் மாநிலத்து ஜெனீவா மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, முடிவெடுக்கத் துணியாத ஆசிரியர்கள் அதனை ஆண் மாணவர்களின் வாக்கெடுப்புக்கு விட்டனர். மாணவர் அதை வேடிக்கையென எண்ணி இசைவளித்தனர். 1849இல் அவர் பட்டம் பெற்று வெளியேறினார். அவருடைய திறன் யாதென எவரும் வினவவில்லை. அவரோடு ஒரே மண்டபத்தில் அமர விருப்பமா என்று மற்றவரைத்தான் வினவினர். மருத்துவக் கல்லூரித் தேர்வின் வரலாறு நெடுகிலும் இவ்விரண்டாவது வினா முதலாவதன் நிழலாகத் தொடர்ந்து வருதலைக் காணலாம்.

1893இல் திறக்கப்பெற்ற யோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி இந்நிலையை மாற்றிற்று. அதற்குப் பெருநிதி வழங்கிய மேரி கரெற் அம்மையார் இரண்டு நிபந்தனைகளை விதித்தார். பெண்களை ஆண்களுக்குச் சமமாகச் சேர்த்தல் வேண்டும். சேர்வோர் முன்னரே ஒரு பட்டமும், விஞ்ஞானப் பயிற்சியும், பிரெஞ்சு ஜெர்மன் மொழியறிவும் உடையோராயிருத்தல் வேண்டும். அங்குப் பேராசிரியராகச் சேர்ந்த ஒஸ்லர், தாம் மாணவராக விண்ணப்பித்திருப்பின் இடம் கிடைத்திராது என்ற கருத்தில் நகைச்சுவையாகப் பேசியது பலரும் அறிந்தது. பின்னர் ஏனைய கல்லூரிகளும் இவ்வழி திரும்பின. எனினும் 1920களில் சேர்ந்த மாணவருள் இடையில் வெளியேறியோர் கல்லூரிக்குக் கல்லூரி 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை இருந்தனர். இதனைத் தடுக்க மொஸ் என்னும் உளவியலாளர் 1928இல் ஒரு பொதுத் தகுதிப் பரீட்சையை அமைத்தார். 1946 அளவில் வெளியேறுவோர் தொகை 7 வீதமாகக் குறைந்தது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. கற்கும் ஆற்றலைப் பரீட்சை அளந்துவிட்டது. ஆற்றல் உடையோரோ இடங்களினும் பலராக இருந்தனர். அவர்களுள் பலர் கல்லூரி நிர்வாகிகள் விரும்பாத குடும்பங்களிலிருந்து வந்தனர். அமெரிக்காவின் கிழக்குக் கரையோர நகரங்களில் குடியேறிய யூதர்களின் பிள்ளைகள் பரீட்சைகளில் முன்னணியில் நின்றனர். கொலம்பியாப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 1920 அளவில் பாதிக்குச் சற்றே குறைவாக இருந்த யூத மாணவர் விகிதம், 1940 அளவில் பத்திலொன்றுக்கும் கீழே இறங்கிற்று. அவர்களுடைய அறிவு இருபதாண்டில் மங்கிவிடவில்லை. விண்ணப்பப் படிவத்தில் சமயம், பெற்றோரின் பிறப்பிடம் என்பன கேட்கப்பட்டன; நேர்முகப் பரீட்சையில் குணநலன், தோற்றம், பழகுதிறன் என்பன மதிப்பிடப்பட்டன. புள்ளியினால் விலக்க இயலாதவரைக் குணத்தினால் விலக்குதல் எளிதாயிற்று. பிற்காலத்தில் விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளராகப் புகழ்பெற்ற ஐசக் அசிமோவ் இக்காலத்தில் நியூயோர்க்கில் மருத்துவக் கல்விக்கு விண்ணப்பித்து இடம் பெறாது போனவர். 1949இல் அவர் பொஸ்ரன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியிலேயே உயிர் இரசாயன ஆசிரியராக அமர்ந்தார்!

இலண்டனில் இதே கதை வேறு உடையில் நிகழ்ந்தது. சென் மேரிஸ் மருத்துவக் கல்லூரியின் பீடாதிபதியாக 1920 முதல் 1945 வரை இருந்தவர் சார்ள்ஸ் வில்சன். பின்னாளில் மோரன் பிரபு என்ற பெயருடன் சேர்ச்சிலின் வைத்தியராக அறியப்பட்டவர். முதலாம் உலகப்போரின் பதுங்குகுழிகளில் படை வைத்தியராகப் பணிபுரிந்து, மனிதன் அச்சத்தை எவ்வாறு தாங்குகிறான் என்று கண்டவர்; அதுபற்றி 1945இல் ஒரு நூலும் எழுதியவர். நல்ல வைத்தியனுக்கு வேண்டியது மனவுறுதி. அதனைப் பரீட்சைத் தாளிற் காணவியலாது. விளையாட்டு மைதானத்திற் காணலாம் என்பது அவர் துணிபு. அவர் காலத்தில் சென் மேரிஸ் றக்பி ஆட்டத்திற்குப் பெயர்பெற்ற கல்லூரியாயிற்று. விண்ணப்பதாரன் அறையினுள் நுழைந்ததும் பரீட்சகர் றக்பிப் பந்தொன்றை அவன்மீது எறிவார். பிடித்தவனுக்கு இடம், உதைத்துத் திருப்பியவனுக்குப் புலமைப் பரிசில் என்றொரு கதை இலண்டன் மருத்துவ வட்டாரத்தில் வழங்கி வருகின்றது. மெய்யோ புனைவோ, அக்கால மனப்பாங்கை அது பிழையின்றிக் காட்டுகின்றது எனலாம்.

மோரனின் கருத்தை முற்றாகத் தள்ளிவிடவும் இயலவில்லை. அவருக்கு முன்னரே அக்கல்லூரியின் வரலாற்றில் வியப்புக்குரிய ஒரு சான்று உண்டு. கப்பற் கம்பனியொன்றில் எழுதுவினைஞராக இருந்த ஸ்கொத்லாந்து இளைஞர் ஒருவர், சிறிய தந்தையாரின் முதுசம் கைக்கு வந்ததும், மருத்துவம் பயிலத் தீர்மானித்தார். இலண்டனில் இருந்த கல்லூரிகள் பன்னிரண்டு. அவற்றைப்பற்றி அவர் அறிந்தது எதுவுமில்லை. நீர்ப்பந்தாட்டத்தில் சென் மேரிஸ் அணிக்கு எதிராகத் தாம் ஆடியது ஒன்றே நினைவில் இருந்தது. ஆகவே 1901இல் அங்குச் சேர்ந்தார். 1906இல் அவர் தேறியபோது, கல்லூரித் துப்பாக்கி சுடும் கழகம் நல்ல வீரரொருவரை இழக்க விரும்பவில்லை. அவரை நிறுத்திக்கொள்ளும் பொருட்டு அல்ம்றொத் றைற்றின் ஆய்வுகூடத்தில் இடம் பெற்றுக்கொடுத்தனர். அந்த ஆய்வுகூடத்திலேயே 1928இல் பெனிசிலின் கண்டறியப்பட்டது. அவ்விளைஞர் அலெக்சாண்டர் பிளெமிங். குறி தவறாது சுடுதலே அந்நாளில் அவரை அங்கு இருத்திய சாதனை. இந்நிகழ்ச்சியைக் கொண்டு விளையாட்டு வீரரே சிறந்த விஞ்ஞானியாவர் என நிறுவ முற்படுவோர், பிளெமிங் பரீட்சைகளிலும் முதன்மை பெற்றவர் என்பதை மறந்துவிடுகின்றனர்.

றக்பி ஆடாதோர் நிலை யாது? முதலாம் உலகப்போர்க் காலத்தில் ஆண்கள் போர்முனைக்குச் சென்றபோது பெண்களைச் சேர்த்துக்கொண்ட இலண்டன் கல்லூரிகள் பல, 1920களில் அவர்களுக்குக் கதவடைத்தன. சென் மேரிஸும் அவற்றுள் ஒன்று. 1944இல் குட்இனஃப் குழுவின் அறிக்கை, அரச மானியம் பெறும் கல்லூரிகள் பெண்களையும் சேர்த்தல் வேண்டுமெனக் கூறி, ஏறத்தாழ ஐந்திலொன்று என்ற அளவையும் குறிப்பிட்டது. இழிவெல்லையாகக் கூறப்பட்ட அவ்வளவு நெடுங்காலம் உச்சவெல்லையாகவே பயன்பட்டது. 1975ஆம் ஆண்டின் பாற் பாகுபாட்டுச் சட்டத்தின் பின்னரே அந்நிலை குலைந்தது.

நேர்முகப் பரீட்சகரின் உள்ளத்தில் மறைந்திருப்பது யாதென்பது ஒருமுறை எழுத்திலேயே வெளிப்பட்டது. வெளிப்படுத்தியது ஒரு கணனி. இலண்டன் சென் ஜோர்ஜ்ஸ் மருத்துவக் கல்லூரிக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 2500 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுள் நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கத்தக்கன எவை எனப் பிரிக்கும் வேலை ஆசிரியர்களுக்குப் பெருஞ்சுமையாயிற்று. அச்சுமையைக் குறைக்கவும், ஆளுக்கு ஆள் வேறுபடும் தீர்ப்பை ஒருசீராக்கவும் விரும்பிய ஆசிரியரொருவர், முன்னைய ஆண்டுகளில் தேர்வாளர் செய்த முடிவுகளை ஆராய்ந்து, அவற்றை அவ்வாறே பின்பற்றும் கணனி நிரலொன்றை எழுதினார். அதன் முடிவுகள் மனிதத் தேர்வாளரின் முடிவுகளோடு 90 முதல் 95 வீதம் வரை ஒத்திருந்தன. 1982 முதல் முதற்கட்டத் தேர்வு முழுவதும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஒத்திருந்ததுதான் குற்றம். பெண்ணாயின் சில புள்ளிகள் குறைக்கப்பட்டன. பெயர் ஐரோப்பியப் பெயர் அன்றாயின் அதனினும் மிகுதியாகக் குறைக்கப்பட்டன. இவ்விதிகளை நிரலாசிரியர் தாமாகப் படைக்கவில்லை. மனிதர் பல்லாண்டு செய்துவந்ததைக் கணக்கிட்டபோது அவை தாமே மேலெழுந்தன. 1986இன் இறுதியில் அக்கல்லூரியைச் சேர்ந்த வைத்தியர் இருவர் இதனை இனச் சமத்துவ ஆணைக்குழுவின் கவனத்துக்குக் கொண்டுவந்தனர். ஆண்டுதோறும் 60 பேர் வரை பால் காரணமாகவோ இனம் காரணமாகவோ நேர்முகப் பரீட்சை வாய்ப்பையே இழந்திருக்கலாம் என ஆணைக்குழு 1988இல் அறிக்கையிட்டது. அவ்வறுபதின்மரிடம் அவர்தம் சாதனை யாதென்று கேட்கப்படவேயில்லை. மேலும் ஒன்று நோக்கற்பாலது. அக்காலத்து இலண்டன் கல்லூரிகளுள் ஐரோப்பியரல்லாத மாணவரை ஒப்பளவில் மிகுதியாகச் சேர்த்திருந்த கல்லூரிகளுள் சென் ஜோர்ஜ்ஸும் ஒன்று. அது பிடிபட்டமைக்குக் காரணம் அதன் பாகுபாடு மிகக் கொடியது என்பதன்று. அது கணக்காக எழுதி வைக்கப்பட்டிருந்தது என்பதே. ஏனைய கல்லூரிகளிலும் இத்தகைய கணக்கு இருந்திருப்பின், அது மனத்தளவில் நின்றமையால் எவராலும் படிக்க இயலவில்லை.

அழைக்கப்பட்டு அறையினுள் சென்றோர் நன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனரா? இதனைச் சோதிப்பது எளிதன்று. தள்ளப்பட்டோர் வேறு வழியிற் சென்றுவிடுவர். அவர் நல்ல வைத்தியராகியிருப்பாரா என்று அறிய வழியில்லை. ஆயின் 1979இல் ரெக்சாஸ் மாநிலத்தில் எவரும் திட்டமிடாத ஒரு பரிசோதனை நிகழ்ந்தது. ஹூஸ்ரனில் உள்ள மருத்துவக் கல்லூரி ஏறத்தாழ 800 பேரை நேர்முகப் பரீட்சை செய்து, வரிசைப்படுத்தி, மேல்வரிசையிலிருந்து 150 பேரைச் சேர்த்துக்கொண்டது. அதன்பின் மாநிலச் சட்டசபை இன்னும் 50 இடங்களை நிரப்புமாறு பணித்தது. காலம் கடந்துவிட்டமையால் மேல்வரிசையினர் வேறு கல்லூரிகளுக்குச் சென்றுவிட்டனர். எஞ்சியிருந்தோர் வரிசையின் அடியில், 700க்கும் 800க்கும் இடைப்பட்டோர். அவர்களிலிருந்தே ஐம்பதின்மர் எடுக்கப்பட்டனர். அவருள் 43 பேருக்கு வேறெந்த மருத்துவக் கல்லூரியும் இடமளித்திருக்கவில்லை.

யார் எவ்வரிசையிலிருந்து வந்தார் என்பதை வகுப்பில் எவரும் பிரித்து நடத்தவில்லை. படிப்பு முடிந்து, உள்ளகப் பயிற்சியின் முதலாண்டும் கழிந்தபின், இரு தொகுதியினரையும் ஒப்பிட்டனர். பரீட்சைகளிலும், நோயாளரைப் பராமரித்தலிலும், இடைவிலகலிலும், பெற்ற விருதுகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இவ்வாய்வு 1987இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. இரு தொகுதியினருக்கும் ஆரம்பத்தில் இருந்த இடைவெளியில் பெரும்பகுதி புள்ளிகளால் ஏற்பட்டதன்று. தேர்வாளருக்கு அவர்களைப் பற்றி எழுந்த மனப்பதிவினால் ஏற்பட்டது என்பதும் அதில் எடுத்துக்காட்டப்பட்டது. எண்ணூறு இளைஞரைப் பேசவைத்துக் கேட்ட உழைப்பு முழுவதும், அவ்வகையில் நோக்கின், திருவுளச் சீட்டைவிட மேலானதென்று கூறுதற்கில்லை. இதனாற் பேச்சே பயனற்றதென்று முடிவுகட்டுதல் மிகை. எண்ணூறாவது நிலையில் நின்றவரும் கல்வியில் தேர்ச்சியுடையவரே. முற்றும் தகுதியற்றோர் அழைக்கப்படவில்லை. தகுதியுடையோருக்கிடையே தரம் பிரிக்க முற்பட்டபோது கருவி வழுவிற்று.

கருவியைத் திருத்தும் முயற்சிகளிலிருந்தே இன்று கேட்கப்படும் சாதனை வினா பிறந்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க விமானிகளைத் தெரிவுசெய்யும் உளவியற் பணியில் ஈடுபட்ட பிளனகன், "நீர் எப்படிப்பட்டவர்?" எனக் கேட்டல் வீண், "குறித்த நெருக்கடியில் நீர் என்ன செய்தீர்?" எனக் கேட்டலே பயன்தரும் என்ற நெறியை 1954இல் விரித்தெழுதினார். கம்பனிகளின் ஆட்சேர்ப்பு முறைக்குள் அது புகுந்தது. 1980களில் கடந்தகாலச் செயலை வினவும் நேர்முகப் பரீட்சை என வடிவம் பெற்றது. பின்னர் மருத்துவக் கல்லூரிக்கும் வந்து சேர்ந்தது. கனடாவில் ஹமில்ரன் நகரத்து மக்மாஸ்ரர் பல்கலைக்கழகம் 1969இல் 20 மாணவருடன் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, ஆரம்பத்திலேயே விண்ணப்பதாரரின் தன்வரலாற்றுக் கடிதத்துக்கு முதன்மையளித்தது. 2004இல் அதே கல்லூரியினர் பல்நிலைக் குறு நேர்முகப் பரீட்சை என்னும் முறையை வெளியிட்டனர். ஒரே குழுவின் முன் நெடுநேரம் இருப்பதற்குப் பதிலாக, விண்ணப்பதாரர் பத்து அறைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வார். ஒவ்வொன்றிலும் வேறொரு பரீட்சகர், வேறொரு பிரச்சினை, எட்டு நிமிடம். ஒருவரது விருப்பு வெறுப்பு பத்திலொன்றாகச் சுருங்கிவிடுகிறது. முன்னையவற்றோடு ஒப்பிடின் இது நேர்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் விடைக்குரிய வாய்பாட்டைப் பணங்கொடுத்துக் கற்பிக்கும் நிலையங்களும் உடன் தோன்றிவிட்டன.

தமிழ் மரபில் வளர்ந்தோர்க்கு இவ்வினா இன்னுமொரு இடர்ப்பாட்டைத் தருவது. எத்துணைக் கற்றாலும் தன்னைத்தான் புகழ்தல் தகாது என்பது நன்னூற் பொதுப்பாயிரம் வகுக்கும் விதி. எனினும் பவணந்தியார் உலகியல் அறிந்தவர். அரசவைக்கு ஓலை விடுக்குமிடத்தும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய வேளையிலும், எதிரி தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழலாம் என நான்கு விலக்குகளை உடன் வைத்தார். விண்ணப்பப் படிவம் முதலாவதன்பாற்படும். நேர்முக அறை இரண்டாவதன்பாற்படும். ஆகவே இலக்கணம் தடையாக நிற்கவில்லை. தடையாக நிற்பது பழக்கமே. ஆங்கில நாடுகளின் கட்டணப் பாடசாலைகளில் பயின்ற பிள்ளை, தான் செய்ததைத் தானே எடுத்துரைக்கச் சிறுபராயம் முதல் பழக்கப்படுகிறது. குடியேறிய தொழிலாளியின் பிள்ளை கடைக்கணக்கு எழுதியும், பெற்றோர்க்கு வைத்தியசாலையில் மொழிபெயர்த்தும், தம்பி தங்கையரைப் பாடசாலைக்கு அழைத்துச் சென்றும் வளர்ந்திருக்கும். வினாவைக் கேட்டதும் விவாதப்போட்டிக் கிண்ணமொன்று கிடைக்கவில்லையே என்று திகைக்கும். வைத்தியசாலையில் மொழிபெயர்த்த பிள்ளை ஒரு மருத்துவக் கல்லூரி கேட்க விரும்பும் செய்தியையே கையில் வைத்திருக்கிறது. அதைச் சொல்லலாம் என்று அப்பிள்ளைக்குக் கூறுவார் எவருமில்லை.

இலங்கையிலோ இக்கலை வேரூன்றவில்லை. சாமுவேல் கிறீன் 1848இல் தொடங்கி, பின்னர் மானிப்பாயில் நடத்திய மருத்துவ வகுப்பு சிறு வகுப்பு; 1864 முதல் அவர் தமிழிலேயே கற்பித்தார்; அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வைத்தியராயினர். 1870இல் கொழும்பு மருத்துவப் பாடசாலை தொடங்கியது. 1942இல் பல்கலைக்கழகம் உருவாகி, இடங்களுக்கான போட்டி வளர்ந்து முற்றியபோது, எழுத்துப் பரீட்சைப் புள்ளியே இறுதித் தீர்ப்பாயிற்று. புள்ளி பெயரைக் கேளாது, முகத்தைப் பாராது என்ற நம்பிக்கை அதன் பின்னணியில் இருந்தது. 1971ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவ பீடம் புகத் தமிழ்மொழி மூல மாணவர் 400க்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவர் 229 புள்ளிகளும் பெறவேண்டியிருந்ததோடு அந்நம்பிக்கை உடைந்தது. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் தொடர்ந்தன. பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளையின் 220ஐயும் நகரப் பாடசாலைப் பிள்ளையின் 250ஐயும் ஒன்றாக மதிக்கலாகாது என்ற வாதத்தில் உண்மையுண்டு. அது மாவட்டம் பற்றிய வாதம். எழுதிய மொழியைக்கொண்டு வெட்டுப்புள்ளியை நகர்த்தியமைக்கு அவ்வாதம் துணைவராது. இலண்டனில் கணனி செய்ததை இங்கு வெட்டுப்புள்ளி செய்தது; ஒரு வேறுபாடு, இங்கே அது நாடறியச் செய்யப்பட்டது.

இந்நூற்றாண்டில் மருத்துவ பீட இடங்களுள் 40 வீதம் நாடளாவிய திறமை வரிசைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் வசதிகுறைந்த மாவட்டங்களுக்கெனவும் இசட் புள்ளியைக் கொண்டு பகிரப்பட்டு வந்துள்ளன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கடிதம் வீட்டுக்கு வரும்வரை விண்ணப்பதாரர் எவர் முன்னும் அமர்வதில்லை. கொழும்பிலாயினும் பேராதனையிலாயினும் யாழ்ப்பாணத்திலாயினும் அவரை முதன்முதலில் எதிரே இருத்தி வாய்திறந்து விடைகூறப் பணிப்பவர் பெரும்பாலும் உடற்கூற்றியற் பரீட்சகரே. அவர் கேட்பது கையிலுள்ள எலும்பின் பெயரை.